மும்முறை வந்த நிலையும் என் மகளின் நினைவேடும்

கிள்ளான்,
வியாழக்கிழமை.

ரவாங்கில் அமர்ந்து கணினிக்கு அறிவூட்டும் அருமை மகள் மாதவிக்கு, நாற்பதாண்டு மேடைகளில் முழங்கித் தொண்டை தேய்ந்த உன் அப்பன் சிவநேசன் விடுக்கும் வாழ்த்தும் வழக்கும்! மருமகனுக்கு என் அன்பு. "நான் நலம்" என்று வழக்கம்போல் எழுதப் போவதில்லை; காரணம் கீழே வரும்.

நீ எழுதிய சதுரங்க நிரலோடு நாள்தோறும் ஆடி, நகர்வுகளைக் குறித்து அனுப்பச் சொன்னாய். நாற்பத்தாறு ஆட்டம் ஆடினேன், நாற்பத்தாறிலும் வீழ்ந்தேன். வீழ்ந்தாலும் முழங்கியே வீழ்ந்தேன் என்பதற்கு, சுவரைத் தட்டித் தட்டிக் கை வீங்கிய பக்கத்து வீட்டு லோகேஸ்வரியே சான்று. ஆனால் கடந்த செவ்வாய் முற்பகலில், நாற்பத்தேழாம் ஆட்டத்தில் நிகழ்ந்தது என்ன? என் பக்கம் அரசனும், அசைய வழியற்ற காலாள் ஒருவனும். எதிர்ப்பக்கம் அரசியும் யானையும்! ஓங்கிய வாள் இறங்க வேண்டியதுதான். அதுவோ அரசியை இடப்பக்கம் நகர்த்தியது, நான் நகர்ந்ததும் வலப்பக்கம், மறுபடி இடம், மறுபடி வலம். ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் திரையில் "சமநிலை" என்று எழுந்தது. மேடையில் ஒன்றை மும்முறை சொன்னால் கைதட்டு விழும். சதுரங்கத்தில் ஆட்டமே முடிந்துவிடுமாம்!

தோற்காத களிப்பில் மடிக்கணினியோடு கீழ்த்தள உணவகத்துக்கு இறங்கி, தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த நூர் முகம்மதுவிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்து, "ஐயா, ஜெயிக்கிறவன் எதுக்குச் சும்மா அங்கயும் இங்கயும் நடக்குறான்? வயசான ஆளுன்னு பாவப்பட்டு விட்டுட்டான் லா. ஒங்க மகளே சொல்லி வச்சிருப்பாங்க!" என்றார். இரக்கமா? எனக்கா? எதிர்க்கட்சிக்காரன் கல்லெறிந்தபோதும் ஒலிவாங்கியை விடாத எனக்கா?

அங்கேயே நின்று உன்னை அழைத்தேன். நீ சிரித்தாய். "ஐயோ அப்பா, பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல, அது புரோகிராம்ல ஒரு பக். ஹாஷ் டேபிள்ல அந்த பொசிஷன் 'ஜெயிக்கும்'னு ஸ்டோர் ஆயிருக்கு. திரும்ப வந்தா யோசிக்காம அதையே எடுத்துக்குது. எத்தனாவது தடவை வருதுன்னு அதுக்குத் தெரியாது. டேபிளைப் பாக்கறதுக்கு முன்ன ரிப்பிட்டிஷனைச் செக் பண்ணணும், சனிக்கிழமை மாத்திடுறேன். சரிப்பா, மீட்டிங் லா." வைத்துவிட்டாய்.

இரண்டு நாளாக எண்ணிப் பார்க்கிறேன். நீ ஹாஷ் டேபிள் என்பதை நான் நினைவேடு என்பேன். காய்கள் நிற்கும் இடத்தை அது அறியும். அங்கே வந்து சேர்ந்த வழியை அறியாது. மகளே, நம் ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் அப்படித்தானே? "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "மருந்து?" "போட்டாச்சு." உன் அம்மா பின்னால் நின்று குரல் கொடுத்த காலத்திலும் இதே நான்கு வரி; அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆன பின்னும் இதே நான்கு வரி. உன் நினைவேட்டில் "அப்பா: நலம்" என்று என்றோ பதிந்துவிட்டது. விடையை எடுத்துக்கொண்டுதான் வினாவையே கேட்கிறாய். நமக்கிடையே கடலா கிடக்கிறது? கிள்ளானில் ஏறினால் ரவாங்கில் இறக்கிவிடும் ஒரே கொமுட்டர் ரயில்! வண்டி மாறக்கூட வேண்டாம்! என்னமோ போ.

ஆகவே கோருகிறேன், வற்புறுத்துகிறேன், மன்றாடுகிறேன்: ஏட்டைப் புரட்டுமுன் இது எத்தனையாவது முறை என்று எண்ணிப் பார்!

நீ வாழ்க! உன் நிரல் வெல்க, என்னைத் தவிர மற்றெல்லாரையும்!

உன் அப்பன்,
சிவநேசன்

பி.கு.: மேலே முழங்கியதில் பாதியை அடித்துவிடு. உனக்கு அனுப்பக் குறித்த தாளை இப்போதுதான் மீண்டும் பார்த்தேன். அரசி அங்குமிங்கும் ஆடியபோது என் அரசனும் அங்குமிங்கும்தான் ஆடியிருக்கிறான். காலாளுக்கு வழி இருந்தது. அவனை நகர்த்தினால் பதினொரு மணிக்கே தோற்று, மாலைவரை எதிரே யாருமில்லாமல் போகும் என்று நான்தான் நகர்த்தவில்லை. ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப நடந்தால் அந்தச் சமநிலை வராது, அம்மா. நம் நான்கு வரியில் இரண்டு என்னுடையவை. வரும் ஞாயிறும் "சாப்பிட்டீங்களாப்பா" என்றே கேள். இம்முறை உள்ளதைச் சொல்வேன்: "இல்லை." அதன்பின் நகர்வு உன்னுடையது.