மொட்டை மாடியில் விரித்த பசுமை

நெற்றியில் வழிகிற வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, "வாசப்படி ஏறுனதுமே எப்படிச் சில்லுனு இருக்கு, பாத்தீகளா?" என்று கேட்கும் ஒரு ரக மனிதர் நம் பக்கத்தில் பெருகிவருகிறார். பசுமை வீட்டுக்காரர் என்று அவருக்குப் பெயர். அவரை எதிர்த்துப் பேசாதீர்கள். "ஆமா, சில்லுனுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்கிற காரியம்.

இவர் திடீரென்று முளைத்தவர் அல்ல. முதலில் கிரானைட் வீட்டுக்காரராக இருந்தார். தரையில் முகம் பார்த்துத் தலைவாரச் சொன்னார். பிறகு கொஞ்ச காலம் கண்ணாடி வீட்டுக்காரராக இருந்து, தெருவில் போகிறவர்களுக்குத் தன் குடும்பம் சோறு தின்பதைக் காட்டினார். உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது என்று தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து பேசிய நாளிலிருந்து பசுமைக்கு மாறிவிட்டார். வெயிலைப் பற்றிய எந்தக் கெட்ட செய்தியும் அவருக்குக் கெட்ட செய்தி அல்ல. "இன்னைக்கு நூத்தி ஆறு டிகிரியாம்!" என்று சந்தோஷமாகப் பேப்பரை மடிப்பார். "போன வருசத்துக்கு ரெண்டு டிகிரி கூட. நம்ம வீட்டு மதிப்பு தன்னால ஏறுது." ஊர் வேக வேகத் தன் மனைக்கு விலை கூடும் என்று கணக்குப் போடுகிற மனிதரை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்? தீயணைப்பு வண்டிக்காரர்கூட இவ்வளவு ஆசையோடு காத்திருக்க மாட்டார்.

இந்த ரகத்தில் முழுதாக விளைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அப்துல் ரவூபைப் பாருங்கள். ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கிருஷ்ணன்கோவில் போகிற சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவில். மாடி எடுக்காத ஒற்றைத் தள வீடு. வாசல் சுவரில் வரிசை வரிசையாகச் செடிச் சட்டிகள் தொங்கும். அவற்றுக்கு வாரம் ஒரு லாரித் தண்ணீர் விலைக்கு வரும். ஏசி கிடையாது. "ஏசி வச்சா பசுமை வீடுன்னு எவன் நம்புவான்?" என்பார். கடையில் மட்டும் ஏசி உண்டு. பெயிண்டுக்கு வெக்கை ஆகாது.

வீட்டு முன்னால் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. பூவேலை செய்த கம்பி மூடி, வெளியே பளபளவென்று ஒரு பெயர்ப் பலகை. ஐப்பசியில் முதல் மழைக்கு வானம் இருட்டியதும் ரவூப் பறந்தடித்துக்கொண்டு வந்து தொட்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வீட்டைக் கட்டிக்கொடுத்த இன்ஜினீயர் ஆல்வின் அந்த நேரம் பார்த்து அங்கே வந்து நின்றார்.

"பாய், என்ன செய்றீக?"

"மழை வருதுல்ல? தொட்டிக்குள்ள அழுக்குத் தண்ணி போயிரும்."

"மழைத் தண்ணி போறதுக்குத்தான பாய் அதைக் கட்டுனோம்!"

"யாரு வேண்டாம்னா? நாளைக்கு ஆளுக பாக்க வாராக. அவிய பாத்துட்டுப் போன பொறவு போகட்டும்."

மழைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அது தெருவில் ஓடி, சாலையைத் தாண்டி, தனக்குத் தெரிந்த வழியில் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது மொட்டை மாடியில் இருந்தது. ஆல்வின் மெனக்கெட்டு மாடி முழுக்க வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்திருந்தார். "வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிரும் பாய். இதுமேல மட்டும் எதையும் போட்டுறாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். ரவூப் தலையை ஆட்டினார். பிறகு ட்ரோன் வைத்து மேலேயிருந்து வீட்டைப் படம் எடுத்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "பசுமை வீடுங்கோம், மேலேர்ந்து பாத்தா சுண்ணாம்பு டப்பா கணக்கா இருக்கே!" அடுத்த வாரமே பிளாஸ்டிக் புல் வந்து இறங்கியது. கரும்பச்சை, விரற்கடை உயரம், ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியாயிற்று. குளிர்ச்சிக்காகப் போட்ட வெள்ளையைப் பசுமைக்காக மூடிவிட்டு, அடுப்புக்குமேல் கம்பளி விரித்த மாதிரி அந்த வீடு உட்கார்ந்திருந்தது. படம் பிரமாதமாக வந்தது.

படத்துக்குள் குடியிருந்தவர் அவர் மனைவி நூர்பானு.

நூர்பானுவுக்கு வீட்டு மதிப்பைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவளுடைய கவலை மேற்குப் பார்த்த பின்னறை ஒன்றுதான். ஒரே மகள் சப்ரீனை வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். அந்த அறையில்தான் மகளைப் படுக்கவைக்க வேண்டும். நாளோ நல்ல சித்திரை. சம்பந்தியம்மா ஷமீமா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "டாக்டரம்மா வெக்கை ஆகாதுன்னு சொல்லிட்டாக. வெள்ளிக்கெழமை நானே பிள்ளையைக் கூட்டிட்டு வாரேன். ரூமைப் பாப்பேன். சரியாப் படலைன்னா கையோட திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? வயிற்றில் சுமந்து பெற்று, இருபத்து நாலு வருஷம் வளர்த்த மகளின் முதல் பிரசவத்துக்கு, வெளியாள் மாதிரி ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதா?

வியாழக்கிழமை மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போனவள் செருப்பை மறந்துவிட்டாள். பிளாஸ்டிக் புல்லில் இரண்டடி வைத்ததும் உள்ளங்கால் பொரிந்தது. "யாத்தே!" என்று துள்ளி, தண்ணீர் போகிற துவாரத்தைச் சுற்றிப் புல் ஒட்டாமல் விட்டிருந்த சின்னச் சதுரத்தில் போய் நின்றாள். வெள்ளை டைல்ஸ். அங்கே நிற்க முடிந்தது. திரும்பப் புல்லில் கால் வைத்தாள், எடுத்தாள். டைல்ஸில் வைத்தாள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்தாள். அவளுக்கு இன்ஜினீயர் யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் இட்லியோடு விஷயத்தை வைத்தாள்.

"இங்க பாருங்க, அந்தப் புல்லை எடுத்துருங்க. பிள்ளை ரூமுக்கு மேல மட்டுமாச்சும்."

"ஏட்டி, இன்னைக்கா? மதுரையிலேர்ந்து காளிராஜ் வருதாரு. இதே மாதிரி பன்னெண்டு வீடு கட்டுறதுக்குக் கூட்டு சேரப் போறாரு. புல்லை எடுத்துட்டா மேல போயி என்னத்தக் காட்டுறது?"

"உங்க மகளைக் காட்டுங்க. வெந்து போயிக் கெடப்பா."

"பொறவு பாப்போம்."

இந்த ரகத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பொறவு உண்டு.

ஜும்மா தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் இரண்டு தரப்பும் வந்து சேர்ந்தன. முன் கூடத்தில் காளிராஜுக்கு நன்னாரி சர்பத்தும் பசுமையைப் பற்றிய சொற்பொழிவும் ஓடிக்கொண்டிருந்தன. பின்னறையில் ஷமீமா கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். முந்தானையால் மருமகளுக்கு விசிறிவிட்டார். சப்ரீனின் கழுத்தெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"வீடு நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. வாசல்லயே செடியெல்லாம் தொங்குது" என்றார் ஷமீமா. "ஆனா பிள்ளை எங்க வீட்டுலயே கெடக்கட்டும். நீங்க தோணுறப்ப வந்து செத்த நேரம் பாத்துட்டுப் போங்க."

செத்த நேரம்! பெற்றவளுக்குச் செத்த நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நூர்பானு எழுந்தாள். அடுக்களைக்குப் போய் மீன் கத்தியை எடுத்தாள். இந்தத் தடவை செருப்பை மறக்கவில்லை.

"எம்மா, கத்தியோட எங்க போறீக?" என்று பதறினாள் சப்ரீன்.

"புல்லு அறுக்க."

பசை இளகிக் கிடந்ததால் வேலை சுளுவாக இருந்தது. கத்தியை விட்டு ஓரத்தைக் கிளப்பி, மகள் அறைக்கு மேலிருந்த புல்லைப் பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டிக்கொண்டே வந்தாள். பாதி சுருட்டியிருப்பாள். "மேல வந்து பாருங்க சார், ஊட்டி தோத்துப் போயிரும்" என்ற குரல் படியேறி வந்தது. பின்னாலேயே ரவூப் வந்தார். அவருக்குப் பின்னால் காளிராஜ்.

மூன்று பேரும் நின்றார்கள். காளிராஜ் சுருட்டிக் கிடந்த ஊட்டியைப் பார்த்தார்.

"என்ன பாய் இது?"

ரவூப் மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். இந்த ரகம் கூச்சப்பட்டு நீங்கள் பார்த்திருக்க முடியாது.

"இதுதான் சார் நம்ம வீட்டு விசேஷமே! வெயில் காலத்துல சுருட்டிக்கிறலாம், மழைக்காலத்துல விரிச்சுக்கிறலாம். தமிழ்நாட்டுல வேற எவன்கிட்டயும் கெடையாது."

"அடேயப்பா! ரிமோட்டுலயா, கையாலயா?"

"இப்போதைக்குக் கையாலதான்."

"கையாலதான்" என்றாள் நூர்பானு. "ரெண்டு பேரும் அந்த மூலையப் பிடிச்சு இழுங்க."

வெள்ளைச் சட்டையோடு இருவரும் குனிந்து இழுத்தார்கள். அரை மணியில் மாடி பழையபடி சுண்ணாம்பு டப்பாவாகிவிட்டது. காளிராஜ் வேர்த்து விறுவிறுத்து, புல் சுருளோடு செல்பி எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வீட்டுக்கும் இந்தச் சுருட்டு வசதி கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூர்பானு கீழே வந்து சம்பந்தியின் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "மூணு நாள் இருந்து பாருங்க சம்பந்தி. இன்னைக்கே கெளம்புனா நான் பாதி ரோட்டுல வந்து படுத்துக்கிருவேன்."

ஷமீமா தங்கினார். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே குடித்திருந்த சூட்டைக் கூரை மெதுவாகத்தான் கக்கியது. இரண்டாம் நாள் விசிறிவிடுவதை நிறுத்தினார். மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு சப்ரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து அடுக்களைக்கு வந்தாள்.

"எம்மா, மாமி கொறட்டை விடுதாக."

நூர்பானு போய்ப் பார்த்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, அடுக்களைச் சுவரில் சாய்ந்து, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். சாயங்காலம் ஷமீமா தன் மகனுக்குப் போன் போட்டார்: "ஏலே, வண்டி கொண்டு வர வேண்டாம். பிள்ளை இங்கனயே இருக்கட்டும். நானும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வாரேன்."

ரவூப் திருந்தினாரா என்றா கேட்கிறீர்கள்? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சம்பந்தியம்மா வந்து படுத்தவுக எந்திரிக்கவே இல்ல, அம்புட்டுக் குளிர்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், ஏசிக்குக் கீழே உட்கார்ந்து.

அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. சித்திரை மத்தியானத்தில் உங்கள் வீட்டில் ரொம்பச் சூடான இடம் எது? யோசிக்காமல் சொல்லுங்கள். யோசிக்கிறீர்களா? அப்படியானால் அந்த இடத்தில் இருப்பது நீங்கள் அல்ல. இருக்கிறவரைக் கேட்டால் தெரியும். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்காதீர்கள். எழுந்து, அங்கே போய், நின்று கேளுங்கள்.