மரணவிசாரணையாரின் வெற்றுப் படிவங்கள்

யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், துவக்கோடு வந்தவர்களுக்குக்கூடப் பயப்படாத சனங்கள் ஒரே ஒருவரைக் கண்டு வாசல் கதவைச் சாத்தினார்கள். அவர் பழைய சைக்கிளில் வருவார். கையில் ஒரு பேனா இருக்கும்.

அவருடைய சொந்தப் பெயரை நியமனக் கடிதத்தில் நானே எழுதினேன். ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது: மரணவிசாரணையார். மரண விசாரணை அதிகாரி சாவு விழுந்த பிறகுதான் வருவார். இவர் முன்னாலேயே வந்தார்.

நான் அப்போது மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் காணிக் கிளையில் இருந்தேன். ஒரு முதியோர் இல்லம், ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதி, பார்வையற்றோர் சங்கம், இலவச மருந்துச்சாலை என்று நான்கு தரும நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்து, என்னைச் செயலாளராக்கின. அதற்குக் காரணம் ஒரு நாய். பிள்ளையில்லாத பணக்கார விதவை ஒருவரிடம், "உங்களுக்குப் பிறகு இந்த வீடு வளவை எங்களுக்கு எழுதுங்கள்" என்று கேட்க நான்கு நிறுவனத்தாரும் ஒரே கிழமைக்குள் தனித்தனியே போனார்கள். நாலாவது ஆள் வந்ததும் அம்மா நாயை அவிழ்த்துவிட்டார். அதன் பிறகே, சனங்கள் மரணசாசனத்தில் தருமத்துக்கு ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்று சேர்ந்து ஆராயும் ஞானம் பிறந்தது.

வீடு வீடாகப் போய்க் கேட்க மரணவிசாரணையாரை நியமித்தோம். கேள்விப் படிவத்தைத் தயாரித்தவன் நான். அதற்கு இரண்டு விதிகளும் எழுதினேன். குடும்பத் தலைவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். கேட்கப் போகிறவர் முதலில் தனக்கே ஒரு மாதிரிப் படிவம் நிரப்பிப் பழக வேண்டும்.

முதல் நாள் மேற்பார்வைக்காக நானும் வவுணதீவுக்குப் போனேன். பெரிய நிலக்காரரான போடியார் ஒருவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நம்மவர் உட்காரவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை.

"போடியார், நீங்க செத்தாப் புறகு இதெல்லாம் ஆருக்கு?"

நான் அவசரமாகப் படிவத்தைப் பார்த்தேன். "தங்கள் காலத்தின் பின்" என்று எவ்வளவு மரியாதையாக அச்சடித்திருந்தேன்! போடியார் அசரவில்லை.

"ஊடு முதியோர் இல்லத்துக்கு. வயல் வட்டையில பாதி அநாதப் புள்ளயளுக்கு. எழுதிக்க மனே."

என் கண் கலங்கியது. அதற்குள் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் வந்தது.

"எந்த ஊட்டக் குடுக்கிறாராம்? இது என்ட சீதன ஊடு. வட்ட மூத்தவளுக்கு எழுதி எத்தின வருசம்! அவர்ட்ட இரிக்கிறது அந்தக் கதிர மட்டும்தான். அதுவும் எங்கட அப்பா குடுத்தது."

போடியார் கதிரையை விட்டு லேசாக எழும்பினார். பிறகு மெதுவாக இருந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்வழி போவது நாள் முழுக்கக் காணி உறுதிப் பத்திரம் புரட்டும் எனக்குத் தெரியாதா? தெரியும். கந்தோர் மேசையில் படிவம் எழுதும்போது மட்டும் ஊர் மறந்துவிட்டது.

மறுநாளிலிருந்து மரணவிசாரணையார் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேரே குசினிப் பக்கம் நடந்தார். ஓட்டமாவடியில் ஒரு ஹாஜியார் மறித்தாராம்.

"என்ன தம்பி, ஊட்டுக்காரன் நான் முன்னுக்கு இரிக்கன், நீங்க பின்னுக்குப் போறீங்க?"

"ஹாஜியார், ஊடு ஆர்ர பேருல?"

ஹாஜியார் சற்று யோசித்தார். "சரி, போங்க. தேத்தண்ணியும் அங்கதான் இரிக்கி."

இது அப்பட்டமான விதிமீறல். கூப்பிட்டு விளக்கம் கேட்டேன்.

"ஆம்பிளையளிட்டத் தரும சிந்தன நிறைய இரிக்கி சேர். காணிதான் இல்ல."

உன்னிச்சையில் ஒரு வயதான பெண், தன் வளவின் உறுதியை ஒளித்து வைத்த இடம்வரை அவருக்குச் சொன்னார். அவர் பேனாவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாத மனே. முந்தியும் ஒருத்தர் வந்து பேர் எழுதினார். அந்தத் தாள் ஆர்ர கையில போச்சுதோ, என்ட மருமகன் இன்னும் ஊட்டுக்கு வரல்ல."

வீட்டில் யார் யார், யாருக்கு என்ன இருக்கிறது: என் படிவமும் இதையேதான் கேட்டது. தப்பான கையில் சிக்கினால் ஒரு குடும்பத்தை முடிக்க அந்த ஒரு தாள் போதும். அவர் பேனாவை மூடினார்.

"எழுத மாட்டன் அம்மா. சத்தியம்."

இதை அறியாத நான் கிழமைக்கொரு கடிதம் அனுப்பினேன்: "நிரப்பிய படிவங்களை உடன் சமர்ப்பிக்கவும்."

ஒருநாள் அவர் படிவப் பையோடு குழுவைப் பார்க்கப் புறப்பட்டார். வாவியின் மேற்கே படுவான்கரையில் துவக்கு வைத்திருந்த இயக்கத்தார் பையைச் சோதித்தார்கள். அத்தனையும் வெள்ளைத் தாள். "விசரன், பைத்தியம்" என்று விட்டுவிட்டார்கள். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சிப்பாய் நியமனக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கொட்டினான்.

"மூணு மாசம் வேல. ஒண்டும் எழுத இல்லயா?"

"கேக்கிறதுதான் என்ட வேல, மாத்தயா."

சிப்பாய் பக்கத்தில் நின்றவனிடம் அதே முடிவைச் சிங்களத்தில் சொன்னான். அந்த யுத்தத்தில் இரு தரப்பும் ஒத்துப்போனதாக நான் அறிந்த ஒரே விஷயம் இதுதான்.

அவர்களைவிட மோசமாக நடந்துகொண்டவன் நான். நான்கு நிறுவனத் தலைவர்களுக்கு முன்னால் பை கவிழ்ந்ததும் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"ஓர் எழுத்துக்கூட இல்லையே! இதுக்குப் பேர் ஆராய்ச்சியா?" என்று கத்தினேன்.

"எல்லாம் இஞ்ச இரிக்கி சேர்," என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "பேரும் ஊரும் சொல்ல மாட்டன். மத்ததக் கேளுங்க."

கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகச் சொன்னார். தலைவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தருமத்துக்குக் கொடுக்க மனமுள்ள பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கடைசியில், ஏன் எழுதவில்லை என்று உன்னிச்சைப் பெண்ணின் கதையைச் சொன்னார். என் படிவத்தின் முதல் கட்டத்தில் "பெயர்" என்று இருந்தது. அதைச் சிவப்பு மையால் நானே வெட்டினேன்.

இத்தனை துவக்குகளுக்கிடையில் ஓடித் திரிந்த மனிதரைக் கடைசியில் கொண்டுபோனது செங்கமாரி என்ற மஞ்சள்காமாலை. மனைவி, பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டார் அவருடைய பையையும் சைக்கிளையும் என்னிடம் கொண்டுவந்தார்கள். வெற்றுத் தாள்களுக்கு அடியில் நிரப்பிய படிவம் ஒன்றே ஒன்று கிடந்தது. அவருடைய மாதிரிப் படிவம். என் விதிகளில் அவர் கடைப்பிடித்தது அது ஒன்றைத்தான்.

சொத்து: சைக்கிள் ஒன்று. யாருக்கு: நான்கு நிறுவனங்களுக்கும் சமமாக. கீழே பொடி எழுத்தில், "பங்கு பிரிக்கும்வரை செயலாளர் வைத்திருக்கவும்."

எங்கள் ஆராய்ச்சியால் எழுதப்பட்டதாக நான் கண்ணால் கண்ட மரணசாசனம் இது ஒன்றுதான். நொத்தாரிசின் கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, சட்டப்படி செல்லாது. இருந்தாலும் பங்கு பிரிப்பதென்றால் குழு கூட வேண்டும். குழுவைக் கூட்ட வேண்டியவர் செயலாளர்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் எத்தனையோ வருடமாகிறது. அந்தக் கூட்டத்தை மட்டும் நான் இன்னும் கூட்டவில்லை. சைக்கிள் சங்கிலிக்குத் தவறாமல் எண்ணெய் போட்டு வருகிறேன்.