நாலு காது முயல்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன். நடுவில் ஒன்றிரண்டு காம்பு விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

ஒரு காட்டில் பஞ்சு என்று ஒரு முயல் இருந்தாள். நிறைமாசம். இன்றைக்கோ நாளைக்கோ என்கிற வயிறு. மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. வளைக்குள் ஒரே ஈரம். குட்டிகளைக் கிடத்தக் காய்ந்த புல் வேண்டும். அந்தக் காட்டில் காய்ந்த புல்லையெல்லாம் அறுத்துக் கொட்டகையில் வைத்து, ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுப்பவர் கீரி சார்.

பஞ்சு போய் வரிசையில் நின்றாள். ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். முள்ளம்பன்றிக்குப் பின்னால் மட்டும் நல்ல இடம் விட்டிருந்தார்கள்.

அவள் முறை வந்தது. கீரி சார் மிஷினை நீட்டினார். முன்னங்காலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் சிவப்பு. வளை தோண்டித் தோண்டி ரேகை தேய்ந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். மிஷின் கணக்கில் நீ முயலே இல்லை என்றுவிட்டார் அவர்.

"என்னைப் பாத்தா முயலாத் தெரியலையா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது? நாளைக்கு பெரிய அதிகாரி யானை வந்து கணக்கு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? முயல் மாதிரி ஏதாவது செஞ்சு காட்டு, தர்றேன்."

அத்தனை பேர் பார்க்கிறார்கள். பஞ்சுவுக்குக் கூச்சம். பயந்தால் முயல் என்ன செய்யுமோ அதைச் செய்தாள். அசையாமல் நின்றாள். கல்லுகூட இப்படித்தான் நிற்கும், தள்ளு என்றார் கீரி சார்.

அவளுக்குப் பின்னால் நின்றது கவிநிலா. காட்டோரம் ஆடு மேய்க்கிறவர்களின் பெண், அஞ்சு வயசு. அன்றைக்கு முயலாக இருந்தாள். கவுனுக்குள் துண்டைச் சுருட்டி வைத்து வயிறு வேறு. மிஷின் அவளுக்கும் சிவப்புதான் காட்டியது. அவள் கவலைப்படவில்லை. தலைமேல் இரண்டு விரலை நீட்டினாள், மூக்கைச் சுருக்கினாள், தத்தித் தத்திப் போய் இல்லாத கேரட்டைக் கறுக் கறுக்கென்று கடித்தாள். கீரி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவல்லவோ முயல் என்று ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

பஞ்சு ஓரமாய்ப் போய் அவளிடம் பாதிப் புல் கேட்டாள். தனக்கும் குட்டி பிறக்கப்போகிறது, தர முடியாது என்று துண்டு வயிற்றைத் தடவிக் காட்டினாள் கவிநிலா. பிறகு, நீ யாரு என்று கேட்டாள். முயல் என்றாள் பஞ்சு. மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொய் என்றாள் குழந்தை.

பஞ்சுவுக்கு அழுகை வந்தது. "எனக்கு முயலா இருக்கச் சொல்லிக் குடுக்கிறியா கண்ணு?"

"கண்ணை மூடிக்கோ. நீ ஒரு முயல்னு நெனச்சுக்கோ."

பஞ்சு நினைத்தாள். முதலில் ஈரமும் பசியும்தான் தெரிந்தது. அப்புறம் மெல்ல ஒரு முயல் தெரிந்தது. வெள்ளையாய், கொழுகொழுவென்று, ஒரு வேலையும் இல்லாமல் குதிக்கிற முயல். அவளுக்கே அதை ரொம்பப் பிடித்துப்போனது.

திரும்ப வரிசைக்குப் போனாள். சொந்தக் காது இரண்டுக்கும் பின்னால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிறுத்தினாள். மொத்தம் நாலு காது. பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத கேரட்டைக் கறுக் கறுக்கென்று கடித்தாள். கீரி சார் எழுந்து நின்று கைதட்டி, இரண்டு கட்டாகவே கொடுத்தார்.

மழை பிடித்தபோது பஞ்சுவின் குட்டிகள் காய்ந்த புல்லில் கிடந்தன. வளை வாசலில், பாறைக்கடியில் ஒதுங்கியிருந்த கவிநிலா, தன் துண்டுக் குட்டியையும் அதுகளோடு சேர்த்துக் கிடத்தினாள். பஞ்சு வரிசையாக நக்கிக்கொண்டே வந்தாள். துண்டையும் விடாமல் நக்கினாள். காதோரம் கொஞ்சம் கூடுதலாகவே நக்கினாள்.

மறுநாள் புலி வந்து கவிநிலாவிடம் உறுமக் கற்றுக்கொண்டு போனது.

நீதி: முயலாகப் பிறந்தால் மட்டும் போதாது, முயலாக நடிக்கவும் தெரிய வேண்டும், அப்போதுதான் புல் கிடைக்கும். இது முயலுக்கு மட்டும் சொன்னதில்லை, மருமகளுக்கும் இதேதான், கூப்பிட்ட குரலுக்குச் சந்தோஷமாய் ஓடுகிற மாதிரி முதலில் முகத்தை, "இதோ வந்துட்டேன் அத்தை!", முகத்தை நாம்...