நல்லெண்ணெய் தேய்த்த சனிக்கிழமை

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் எதற்கும் பயந்ததில்லை. குடியை விட்ட பிறகுதான் சரியான பயந்தாங்கொள்ளி ஆனேன். இருமல் மருந்தைப் பார்த்தால் பயம். கல்யாணப் பத்திரிகை வந்தால் பயம். பழைய சோற்று நீச்சத்தண்ணி புளித்துவிட்டால் குடிக்கலாமா என்று, எனக்குச் சிகிச்சை கொடுத்த இடத்துக் கவுன்சிலிங் மேடத்துக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறேன். (தாராளமாகக் குடிக்கலாம் என்றார். சிரிப்பை அடக்கியிருப்பார்.) ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லுக்குப் போகிற வழியில் ஒரு கடை உண்டு. என்ன கடை என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தவிர்ப்பதற்காக ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வேலைக்குப் போனேன்.

அந்த மேடம்தான் சொன்னார், "குடிக்காம இருந்தா மட்டும் போதாது. நேரத்துக்குச் சாப்பிடுங்க, உடம்புக்கு இதமா ஏதாவது செய்யுங்க. உங்களை நீங்களே கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

அதுவரை என்னைக் கவனித்தவள் என் மனைவி செல்வி. என் குடி தாங்காமல் அவள் எங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருக்கும் அப்பா வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகியிருந்தது. நானும் சிகிச்சை முடித்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, ஒருவழியாக மனிதனாகியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ள, மதியம் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை வாடை அடிச்சுச்சுன்னா, பொறவு இந்தப் படி ஏற வேண்டாம்."

போனை வைத்தேன். பாதி சந்தோஷம், மீதி பயம். உடம்பைக் கவனிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? சனிக்கிழமை வேறு. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது மாப்பிள்ளை மாதிரி போய் நிற்கலாம் என்று முடிவு செய்தேன்.

எண்ணெய்க் குளியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்து உட்காருவதுதான். மற்றதெல்லாம் செல்வியின் கை பார்த்துக்கொள்ளும். அன்று நானே நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, கரண்டி கரண்டியாகத் தலையில் ஊற்றினேன். குழைத்த சீயக்காயில் பாதி தலைக்குப் போனது, பாதி கண்ணுக்குப் போனது. வாளியைத் தேடிச் சுவரெல்லாம் தடவினேன். குளித்துவிட்டுச் சுடச்சுடப் பூண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். கண்ணாடியில் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகத் தெரிந்தன. ஆனால் உடம்போ இலவம்பஞ்சு. மேடம் வாழ்க என்று, மாமனார் வீட்டுக்குப் பை நிறையச் சப்பட்டை மாம்பழம் வாங்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன்.

எண்ணெய் தேய்த்தால் அன்று பகலில் தூங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் காற்றுக்குத் தெரியவில்லை.

கண்டக்டர் தோளை உலுக்கி எழுப்பியபோது பஸ் கிருஷ்ணன்கோவிலில் நின்றுகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் எப்போதோ போய்விட்டது. மடியில் இருந்த மாம்பழம் நசுங்கிச் சட்டையெல்லாம் சாறு.

"எங்க இறங்கணும்?"

ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"பட்டப்பகல்லயே போட்டுட்டு ஏறிருதிய. இறங்குங்கண்ணே."

ரோட்டோரம் நின்றேன். அவர் சொன்னதை நானே நம்பிவிட்டேன். கண் சிவப்பு, நாக்குக் குழறல், சட்டையில் புளித்த வாடை, நடுவில் என்ன நடந்தது என்ற நினைவே இல்லை. குடித்த நாள்களில் இப்படித்தான் விழிப்பேன். என்னை அறியாமல் வழியில் எங்காவது இறங்கிப் போய்விட்டு வந்திருப்பேனோ? உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தேன். பூண்டு. இன்னொரு தடவை ஊதினேன். பூண்டுதான். உயிர் திரும்பி வந்தது.

என் கோலத்தைப் பார்த்து எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸெல்லாம் ஏற்றாமல் போக, கடைசியில் ஒன்றைப் பிடித்து மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் செல்வியின் சூட்கேஸ் தயாராக இருந்தது. மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சூட்கேஸைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"மாமா, நான் குடிக்கல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. குடித்துவிட்டு வந்த ஒவ்வொரு நாளும் இதே படியில் நின்று இதையேதான் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்கென்று வேறு வார்த்தை மிச்சமில்லை. அழுகை வந்தது. (அந்த நாள்களில் அழவும் செய்திருக்கிறேன். அதனால் அதுவும் உதவவில்லை.)

என் மகள் மீனா கதவோரம் வந்து நின்றாள். "அப்பா, ஊதுங்க."

எந்தப் போலீஸ்காரரும் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை. ஊதினேன்.

"பூண்டு வாடைதான் தாத்தா."

"வாடையை மறைக்கத்தான் பூண்டு" என்றார் மாமனார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது என் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு கழுத்துக்கு வழிந்தது. செல்வி கிட்ட வந்து, அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் தேச்சியளா?"

"ம்."

"யாரு தேச்சுவிட்டா?"

"நானேதான். மேடம் என்னைய நானே கவனிச்சுக்கணும்னாங்க."

அவள் என் தலையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அப்பா, இங்க வந்து பாருங்க. பாதி எண்ணெய் தலையிலயே நிக்கி. காதெல்லாம் சீயக்காய். குடிச்ச மனுசன் இம்புட்டு மெனக்கெடுவாரா?"

மாமனாரும் குனிந்து என் தலையை முகர்ந்தார். "நல்லெண்ணெய்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சூட்கேஸை எடுக்கப் போனார்.

"இருங்கப்பா. மொதல்ல தலையை அலசிவிடுதேன். இந்தக் கோலத்துல பஸ்ல கூட்டிட்டுப் போனா எனக்குத்தான் மானம் போகும்."

வீட்டுக்குப் பின்னால் உட்காரவைத்து, வடிகஞ்சியில் சீயக்காய் குழைத்துத் தேய்த்துவிட்டாள். நான் குனிந்தே இருந்தேன். அழுதால் சீயக்காய் எரிச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போதும் விசேஷ வீட்டில் நான் கொட்டாவி விட்டால் போதும், "எங்கப்பா இன்னைக்கு நல்லெண்ணெயில இருக்காரு" என்பாள் மீனா. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் மாமனார்தான். நானும் சிரிப்பேன். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. மில்லுக்கு இன்னமும் சுற்று வழியில்தான் போகிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பது மறுபடி செல்வியின் வேலையாகிவிட்டது. மற்ற நாள்களிலும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கிட்ட வந்து, காதுக்குப் பின்னால் விரலை வைத்து முகர்ந்து பார்ப்பாள். எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்கிறாளாம். செவ்வாய்க்கிழமை ஏது எண்ணெய் என்று நான் கேட்பதில்லை. அவளுக்கு எட்டுகிற மாதிரி தலையைக் குனிந்து கொடுக்கிறேன்.