புகையே வராத அடுப்பு

எனக்கு ஒரு கெட்ட புத்தி. யாராவது "வேண்டாம்" என்று சொன்னால் அதைச் செய்தே தீருவேன். (செய்யத் தெரியுமா என்பது வேறு விஷயம்.)

மகளுக்குச் சம்பந்தம் பேசத் தெலுக் இந்தானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊரான ஈப்போவுக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. ஊதுபத்திப் புகைகூட ஆகாது. விருந்துக்குக் கோழி சுடலாம் என்ற என் யோசனையை விட்டுவிடச் சொன்னாள் என் மனைவி லெட்சுமி. விட்டேனா? புகையே வராத அடுப்பு செய்கிறேன் என்று சவால் விட்டேன்.

மூடிக்கிடந்த ரப்பர் தோட்டத்து ஸ்டோர்க் கொட்டகையைப் பிரித்த பழைய இரும்புக்காரரிடம் இரண்டு தொட்டிகள் கிடைத்தன. சிறியதைப் பெரியதற்குள் இறக்கி, மேலும் கீழும் ஓட்டை போட்டேன். இடைவெளியில் காற்று சூடாகி ஏறி, புகையையும் சேர்த்து எரித்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பெரிய தொட்டியின் உள்ளே கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"என்னங்க இது?" என்றாள் லெட்சுமி.

"பழைய பெயின்ட்லா. சூட்டுல தானா போயிரும்."

இருபது வருஷம் பட்டறையில் வெல்டிங் செய்தவனையா கேள்வி கேட்பது? (அப்படித்தான் நினைத்தேன். மடையன்.)

அவர்கள் வந்த அன்று சிறிய தொட்டிக்குள் விறகை மூட்டினேன். முதல் பத்து நிமிடம் துளிப் புகை இல்லை. நானே அதிர்ந்துபோனேன். சம்பந்தியம்மாவை வலியக் கூப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, காற்றோட்டத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

பெரிய தொட்டியும் சூடேறியது. அப்புறம் நடந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. கன்னங்கரேலென்று புகை குபுகுபுவெனக் கிளம்பியது. கோழி மறைந்தது. சம்பந்தியம்மா மறைந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியையே வரவழைத்துவிட்டார். நான் இடுக்கியோடு மரம்போல நின்றேன். மகள்தான் புகைக்குள் பாய்ந்து, அந்த அம்மாவை வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

இன்ஹேலரை உறிஞ்சி மூச்சு திரும்பியதும் அவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க தோட்டத்துல பொறந்தவருதானே?"

"ஆமா."

"அது ரப்பர்பால் ஊத்தி வைக்கிற டேங்குலா. ரப்பரைப் போட்டு எரிச்சிருக்கீங்க. வாசம்கூடவா தெரியல?"

என் அப்பா, அம்மா இருவருமே பால்மரம் சீவியவர்கள். அந்த நாற்றத்தில்தான் வளர்ந்தேன்.

சம்பந்தம் போச்சு என்று லெட்சுமி அழுதாள். போகவில்லை. புகைக்குள் ஓடிவந்தது யார் என்பதை அந்த அம்மா மறக்கவில்லை.

கல்யாணத்தன்று ஐயர் ஹோமம் வளர்த்தார். லேசாகப் புகை எழுந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"சாமி, இந்தக் குண்டம் எங்க சம்பந்தி செஞ்சதா?"

இப்போது என் வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தினாலும் இதே கேள்விதான். கேட்பது லெட்சுமி.