விடிந்தால் செத்துக் கிடக்கும் வேன்

செவேரோ சாவியைத் திருப்பினான். வேன் ‘டிக்’ என்றது. மறுபடியும் திருப்பினான். இந்த முறை அந்த ‘டிக்’கும் இல்லை.

“இன்னைக்கும் செத்துப்போச்சா ஐயா?” என்று கேட்டார் கசியானோ. வண்டிகள் நிறுத்தும் அந்தக் கொட்டகைக்கு அவர்தான் காவல்காரர். காதை மூடிய கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

“நேத்து சாயங்காலம் ஜம்முனு ஓடின வண்டிய்யா இது! ராத்திரி பூரா நீ என்ன காவல் காத்தே?”

“வண்டியைக் காத்தேன் ஐயா. அதுக்குள்ள இருக்கிற கரண்டை எப்படிக் காக்கிறது?”

இருவரும் தள்ளினார்கள். எல் ஆல்டோ மலைநகரத்தின் குளிரில் தள்ளுகிறவன் மூச்சுதான் முதலில் ஸ்டார்ட் ஆகும். சரிவு வரைக்கும் தள்ளி, இறக்கத்தில் விட்டு, உறுமலும் புகையுமாக வேனைக் கிளப்பி, வேன்கள் முறைபோட்டு ஆள் ஏற்றும் லைனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய முறை போய்விட்டது.

லைன் தலைவர் தெமெத்ரியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “செவேரோ, உன் இடத்துக்கு வெளியில பத்துப் பேர் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறானுங்க. இன்னும் ரெண்டு தடவை லேட்டா வா, அவனுங்கள்ல ஒருத்தன் உன் இடத்துல நிப்பான்.”

லைனில் இடம் போனால் வேன் வெறும் தகரம். லா பாஸுக்கு இறங்கும் பாதையில் சொந்த இஷ்டத்துக்கு ஆள் ஏற்றினால் சங்கத்துக்காரர்கள் கண்ணாடியை உடைப்பார்கள். செவேரோவே இரண்டு பேருடையதை உடைத்திருக்கிறான்.

எலக்ட்ரீஷியன் பேட்டரியைச் சோதித்துப் பார்த்து, “பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ராத்திரியில ஏதோ ஒண்ணு உறிஞ்சுது” என்றான்.

“உன்னைத் தவிர வேற எவன் உறிஞ்சுவான்?” என்று சொல்லிவிட்டு வந்தான் செவேரோ.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவன் கத்தினான். எலக்ட்ரீஷியனை, தலைவரை, குளிரை, சூப்பில் உப்பை. எதிரில் இருந்தது பெனிதா ஒருத்திதான், ஆகையால் எல்லாம் அவள்மேலேயே விழுந்தது. அவனுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அதில் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு சாயங்காலத்துக்குக் காணாது.

“பேசாம வேனை வித்துத் தொலைச்சிட்டு வீட்டுல உக்கார்றேன்!” என்று கத்தினான்.

பெனிதாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. “வேண்டாம். வேனை மட்டும் விக்காதீங்க.”

அவள் குரலில் இருந்த பதற்றம் செவேரோவுக்கே மனதைத் தொட்டது. தன் பிழைப்பின்மேல் பெண்டாட்டிக்கு இவ்வளவு அக்கறையா!

“சரி, சரி. ஜம்ப் ஸ்டார்ட்டர்னு ஒரு பெட்டி வந்திருக்காம். ரெண்டு கிளிப்பை பேட்டரியில மாட்டினா செத்த வண்டியும் எழுந்திரிக்குமாம்.”

“வாங்குங்க” என்றாள் உடனே. பிறகு பின்னல் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அங்கே போய் ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். மாசக்கணக்காக அதே ஸ்வெட்டர்.

வியாழக்கிழமை வரைக்கும் இருட்டிலேயே எழுந்து தள்ளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றைச் சந்தையில் பெட்டி விற்ற அம்மாள் கேட்டாள். “வண்டி என்ன குடிக்குது அண்ணே? டீசலா, பெட்ரோலா?”

டீசல் என்றால் விலை ஏற்றுவாள் என்று பயந்து, “பெட்ரோல்” என்றான்.

“அப்படின்னா இந்தச் சின்னதே போதும். சிவப்பு பிளஸ்ல, கறுப்பு இன்ஜின் இரும்புல. டீசல் வண்டிக்கு மட்டும் இது ஆகாது. இதுலயே லைட்டும் இருக்கு பாருங்க.”

மறுநாள் காலை மாட்டினான். டீசல் வேன் ஒரு முனகல் முனகிப் படுத்துக்கொண்டது. பெட்டியைப் பார்த்தால் அதிலும் சார்ஜ் இல்லை. முந்தின சாயங்காலம்தான் முழுசாக ஏற்றி வேனிலேயே வைத்திருந்தான். சீட் வேறு எப்படியோ முன்னால் நகர்ந்திருந்தது. ரேடியோ கால்பந்து நிலையத்தை விட்டுவிட்டு எங்கேயோ சோகப் பாட்டுக்குப் போயிருந்தது. பிரேக்குக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளி நூல்.

“ஏறுறதெல்லாம் நாறப்பய பயணிங்க. நூலையும் போட்டுட்டுப் போறானுங்க” என்று அதைத் தூக்கி எறிந்தான்.

கசியானோ அந்த நூலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து தள்ளத் தொடங்கினார்.

“இன்னும் ஒரு தடவைதான்” என்றார் லைனில் தெமெத்ரியோ.

அன்றைக்குக் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய்கூட குரைப்பதை நிறுத்தியது. பெனிதா எழுந்துபோய், சீட்டு எடுத்து ஒளித்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். “பெரிய பெட்டியாவே வாங்கிடுங்க. வேன் எப்படிக் கிடந்தாலும் காலையில கிளம்பணும்.”

“எப்படிக் கிடந்தாலுமா? அது ஏன் கிடக்கணும்?” என்றான். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டான்.

மறுபடி சந்தை கூடும் வரைக்கும் இருட்டிலேயே தள்ளி ஒப்பேற்றினான். சந்தைக்காரி இந்த முறை சிரித்தாள். “பெட்ரோல் வண்டி டீசலுக்கு மாறிடுச்சா அண்ணே? இதைக் கொண்டு போங்க, லாரியையே எழுப்பும். குளிர்ல மட்டும் விடாதீங்க, பலம் போயிடும். பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்குங்க.”

செவேரோ அதை அப்படியே செய்தான். கட்டிலில் தனக்கும் பெனிதாவுக்கும் நடுவில், கம்பளிக்குள் பெட்டியைப் படுக்கவைத்தான். அதன் முனை அவள் இடுப்பில் குத்தியது. அவள் ஓரத்துக்கு நகர்ந்தாள். அதற்கப்புறம் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வர அவளுக்கு இன்னும் நேரமாயிற்று.

வேனின் பேட்டரி இப்போது ஒரு ‘டிக்’குக்குக்கூட வழியில்லாமல் கிடந்தது. ஆனால் பெரிய பெட்டி வேலை செய்தது! சிவப்பு, கறுப்பு, ஒரு சாவி. வேன் சீறிக்கொண்டு எழுந்தது. செவேரோ முதல் ஆளாக லைனில் நின்றான். தலைவர் தலையசைத்தார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. வீட்டில் புதிதாக வந்த எதற்கும் பூமித்தாயின் ஆசி வாங்கும் நாள். மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டிச் சக்கரத்துக்குப் பீர் ஊற்றினார்கள். செவேரோ பெட்டியைப் பூவும் காகிதச் சுருளும் சுற்றிக் கொண்டுவந்து வைத்தான்.

“தரையில ஊத்துங்க. மெஷின் மேல வேண்டாம்” என்றாள் பெனிதா மெதுவாக.

“எனக்குச் சாமி கும்பிடக் கத்துக்குடுக்கிறியா? என் வாழ்க்கையைக் காப்பாத்தின பெட்டிக்கு ஒரு வாய் பீர் கிடையாதா?”

ஒரு வாய் இல்லை, அரை பாட்டில் ஊற்றினான். பெட்டி நுரைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை கிளிப்பை மாட்டியதும் பெட்டியிலிருந்து ஒரு ‘புஸ்’. பிறகு புளித்த பீர் நாற்றம். அவ்வளவுதான். பூமித்தாய் முழுசாகக் குடித்துவிட்டாள்.

தள்ளித் தள்ளி அவன் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய இடத்தில் புது வேன் ஒன்று நின்றிருந்தது. தெமெத்ரியோ அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. செவேரோ கத்திப் பார்த்தான். கெஞ்சியும் பார்த்தான், அது அவனுக்குச் சரியாக வரவில்லை. பழக்கமில்லாத வேலை.

வெயில் ஏறியபோது வேனைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். பத்து வருஷத்து இடம். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான்.

கசியானோ ஒரு கோப்பை சூடான சோளக்கஞ்சியை நீட்டினார்.

“இந்த ஊர்ல என் பேச்சைக் கேட்கிறவ ஒருத்திதான் பெரியவரே” என்றான் செவேரோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சொந்தச் சேமிப்பைக் குடுத்தா பாவம். அவளுக்காவது இனி நல்ல காலம் வரட்டும். நாளைக்கே இதை வித்துடறேன். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அவகூடவே வீட்டுல இருக்கப்போறேன்.”

கசியானோ குல்லாவைக் கழற்றினார். அவர் குல்லாவைக் கழற்றி செவேரோ பார்த்ததே இல்லை.

“சொல்லமாட்டேன்னு உங்க வீட்டு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக்குடுத்திருக்கேன் ஐயா, ஆனா வேனை மட்டும் வித்துடாதீங்க. தினம் நீங்க கத்தி முடிச்சதும் இதுக்குள்ள வந்து லைட்டைப் போட்டு, பாட்டை வெச்சு, கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அவங்க உக்கார்றாங்க. அவங்க போறதுக்கு வேற இடம் ஏது?”