கழுவிக் கெடுத்த முகில்

துப்புரவு மனிதனை உயர்த்தும் என்பார்கள். என்னை அது தகுதிகாண் காலத்தில் இன்னொரு வருடம் உட்கார வைத்தது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் புது விரிவுரையாளர். (முகிலைப் பற்றி எனக்குத் தெரியாதது முகிலுக்கே தெரியாது என்று நம்பிய காலம்.) பெரிய கண்ணாடிச் சாடிக்குள் ஈரக் காற்றை அடைத்து, பம்பால் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் காற்று குளிர்ந்து முகில் உருவாகும். துளிகள் வளர்ந்து விழும். அதைப் பேராசிரியருக்குக் காட்டிவிட்டால் என் வேலை நிரந்தரம்.

பெருநாள் வந்தால் வீட்டை முகட்டிலிருந்து முற்றம் வரை கழுவுவது எங்கள் குருநகர் வழக்கம். நானும் செய்து காட்டும் நாளுக்கு முதல்நாள் சாடியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். போதாதென்று காற்றுக் குழாயில் தூசு வடிகட்டியும் பூட்டினேன்.

மறுநாள் காலை ஒத்திகை பார்த்தேன். பத்துத் தரம் பம்பை இயக்கியும் ஒன்றுமில்லை. சாடி பளபளவென்று என்னைப் பார்த்தது. நீராவி ஒட்டிக்கொள்ளத் தூசு வேண்டும் என்று மாணவருக்கு நானே படிப்பித்த பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேராசிரியர் படியேறும் சத்தமும் கேட்டது.

ஆய்வுகூட உதவியாளர் சேவியர் அண்ணையின் பையில், கோயிலுக்கு வாங்கிய சாம்பிராணி இருந்தது.

"அண்ணை, உந்தச் சாம்பிராணியைக் கொளுத்துங்கோ."

"ஒரு கிள்ளு காணும் சேர், கூடப் போடாதேங்கோ."

"எனக்குத் தெரியும்," என்று ஒரு கைப்பிடியை அள்ளிப் போட்டு, புகை முழுவதையும் சாடிக்குள் விட்டேன்.

பேராசிரியர் உள்ளே வந்ததும் பம்பை இயக்கினேன். சாடி பால்போல் வெளுத்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். ஆனால் துளி விழவில்லை. திரும்பத் திரும்ப இயக்கினேன். அறை பூசை முடிந்த கோயிலாக மணத்ததுதான் மிச்சம்.

"ஏன் தம்பி துளி வளரேல்லை?" என்றார் பேராசிரியர்.

நான் குனிந்து குழாயைப் பார்த்தேன். சேவியர் அண்ணைதான் மெதுவாகச் சொன்னார்: "ஒரு சட்டிக் கூழுக்கு ஊரையே கூப்பிட்டால் ஆளுக்கு ஒரு மிடறுதானே சேர். பிறகு ஆர் கொழுக்கிறது?"

"ஓம், புகைத்தூசு கூடிப்போச்சு. அதுதான் விடை," என்று பேராசிரியர் என் மதிப்பீட்டுக் கோப்பை மூடினார். வெட்கத்தில் என் காது சுட்டது.

அடுத்த வருடம் வேலை நிரந்தரமானது. கதையும் நிரந்தரமானது. இன்றும் நான் குசினிக்குள் சட்டியைத் தொட்டால் மனைவி பறித்துவிடுவாள்.

"விடுங்கோ. நீங்கள் கழுவினால் மழை வராது."

கலியாணம் கட்டிய நாள் முதல் நான் ஒரு கோப்பை கழுவியதில்லை. ஆராய்ச்சி வீண் என்று யார் சொன்னது?